புகைப்படத்தை ஓவியமாக்கும் ஃபில்டர்கள்: எதை வைப்பது, எதை விடுவது

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மறைந்த பாட்டியின் புகைப்படம் ஒன்றைப் பென்சில் ஓவியமாகவும் எண்ணெய் வண்ண ஓவியமாகவும் மாற்றி, அச்சிட்டு, சட்டம் போட்டு மாட்ட விரும்புகிறீர்கள். கைபேசிச் செயலிகளையும் கணினி மென்பொருள்களையும் முயன்று பார்த்ததில், பென்சில் ஓவியம் வெளிறிப்போன ஜெராக்ஸ் பிரதி போலவும், எண்ணெய் வண்ண ஓவியம் தண்ணீர் பட்டுக் குழைந்த புகைப்படம் போலவும் வந்திருக்கின்றன. எந்த ஃபில்டர் சரியானது, அதில் என்ன அளவுகள் வைக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஃபில்டர்களின் பெயர்களையும் அளவுகளையும் கீழே தருகிறேன். அதற்கு முன், இந்த ஏமாற்றம் ஏன் நேர்கிறது என்பதைப் புரிந்துகொள்வது நல்லது. ஓவியர் ஒருவர் உங்கள் பாட்டியின் முகத்தை வரைய உட்கார்ந்தால், அவர் செய்யும் முதல் வேலை விடுவதுதான். பின்சுவரின் கறையை விட்டுவிடுகிறார். ஆடையின் நூறு மடிப்புகளில் ஏழெட்டை மட்டும் எடுத்துக்கொள்கிறார். கண்ணோரச் சுருக்கங்களில் எது அந்தச் சிரிப்பைத் தாங்கி நிற்கிறதோ அதை மட்டும் அழுத்தி வரைகிறார். ஃபில்டருக்கு முகமும் ஒன்றுதான், சுவரும் ஒன்றுதான். படத்தின் ஒவ்வொரு பிக்சலுக்கும் அது ஒரே கணக்கைப் போடுகிறது. ஆகவே, எதை விடுவது என்ற முடிவை நாம் எடுத்து, ஃபில்டருக்கு முன்னும் பின்னும் அதைப் படத்தில் ஏற்றித் தர வேண்டியிருக்கிறது. நான் சொல்லப்போகும் வழிமுறைகள் எல்லாம் இந்த ஒரு வேலையைச் சுற்றியே அமைந்தவை.

இந்த ஆசை கணினியோடு பிறந்ததும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே பிரான்ஸைச் சேர்ந்த ரொபேர் டெமாஷி போன்ற புகைப்படக் கலைஞர்கள் கம் பைகுரோமேட் என்ற முறையில் தங்கள் படங்களைக் கரித்துண்டு ஓவியங்கள் போல அச்சிட்டார்கள். பிசினில் நிறமியையும் பைகுரோமேட் உப்பையும் கலந்து தாளில் பூசி, நெகட்டிவ் வழியாக வெயில் காட்டினால், ஒளி பட்ட இடம் இறுகிவிடும். மற்ற இடம் தண்ணீரில் கரைந்து போகும். அப்படிக் கரையும்போது டெமாஷி தூரிகையால் தேய்த்து, வேண்டாத பகுதிகளைக் கையாலேயே அழித்தார். அவருடைய படங்கள் ஓவியமாகத் தோன்றுவதற்கு இரசாயனத்தைவிட அந்தத் தூரிகையே காரணம் என்பது என் கருத்து. மென்பொருளில் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கும் படத்தாள்களை லேயர் என்பார்கள்; அதில் வேண்டாத பகுதியை மறைக்க இன்று நம்மிடம் இருக்கும் லேயர் மாஸ்க் என்ற வசதி அந்தத் தூரிகையின் வேலையைத்தான் செய்கிறது.

இனி படத்தைத் தேர்ந்தெடுப்பதைப் பார்ப்போம். உங்களிடம் இருக்கும் படங்களில், ஒரு பக்கத்திலிருந்து வெளிச்சம் விழுந்த படம் ஏதேனும் இருந்தால் அதையே எடுங்கள். ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும்போது எடுத்த படம் மிகவும் ஏற்றது; மூக்கின் ஒரு பக்கம் வெளிச்சமும் மறுபக்கம் நிழலும் இருப்பதால் முகத்தின் வடிவம் தானாகவே தெரியும். நேராக ஃபிளாஷ் அடித்து எடுத்த படத்தில் முகம் தட்டையாகி, கழுத்துக்குப் பின்னால் கூர்மையான கறுப்பு நிழல் விழுந்திருக்கும். எந்த ஃபில்டரைப் போட்டாலும் அந்த நிழலின் விளிம்பு தாடையின் விளிம்பைவிட அழுத்தமாக வரும். வேறு படமே இல்லையென்றால், முதல் வேலையாக அந்த நிழலைக் குளோன் அல்லது ஹீலிங் கருவியால் நீக்கிவிடுங்கள்.

செய்திச் செயலியில் பலர் கை மாறி வந்த பிரதியைப் பயன்படுத்த வேண்டாம். ஜேபெக் முறை படத்தை 8×8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குகிறது. பலமுறை சுருங்கிய படத்தில் அந்தக் கட்டங்களின் ஓரங்கள் கண்ணுக்குத் தெரியாமல் பதிந்திருக்கும். கோடு தேடும் ஃபில்டர் அவற்றையும் கோடுகளாகவே எடுத்துக்கொண்டு, கன்னத்தின் மேல் மெல்லிய வலையை விரித்துவிடும். கையில் காகிதப் பிரதி இருந்தால், அதை 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) அளவில் ஸ்கேன் செய்து, தூசியையும் கீறல்களையும் பொறுமையாக அகற்றிவிட்டுத் தொடங்குவதே சரி.

பலர் கவனிக்காமல் விடும் செய்தி ஒன்று உண்டு. ஃபில்டர்களின் அளவுகள் பெரும்பாலும் பிக்சல் கணக்கில் இருப்பவை. 1000 பிக்சல் அகலமுள்ள படத்தில் 5 பிக்சல் ஆரம் தரும் விளைவு, 4000 பிக்சல் படத்தில் கண்ணுக்கே தெரியாது. அங்கே அதே விளைவுக்கு 20 வேண்டும். ஏ4 தாளில் 300 டிபிஐ அளவில் அச்சிட 2480×3508 பிக்சல் தேவைப்படும். படத்தை முதலில் அந்த அளவுக்குக் கொண்டுவந்துவிட்டு, அதன் பிறகுதான் ஃபில்டரைத் தொட வேண்டும். தொடக்க காலத்தில் நான் சிறிய படம் ஒன்றில் ஃபில்டர் போட்டு, அது திரையில் அழகாக இருந்ததை நம்பி, பெரிதாக்கி அச்சிட்டேன். மெல்லிய பென்சில் கோடுகள் எல்லாம் ஈரத்தில் ஊறிய மை போலப் பரவி வந்தன. முழு வேலையையும் திரும்பச் செய்ய வேண்டியதாயிற்று.

பென்சில் ஓவியத்துக்குப் பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் உள்ள முறை ஒன்று இருக்கிறது. போட்டோஷாப்பிலும், கிம்ப் என்ற இலவச மென்பொருளிலும் அது ஒன்றுபோலவே வேலை செய்யும். படத்தின் நிறத்தை நீக்கிக் கறுப்பு வெள்ளையாக்குங்கள். அந்த லேயரைப் பிரதி எடுத்து, மேலே உள்ள பிரதியை இன்வர்ட் செய்யுங்கள், அதாவது கறுப்பை வெள்ளையாகவும் வெள்ளையைக் கறுப்பாகவும் புரட்டுங்கள். அடியில் உள்ள லேயரோடு அது சேரும் விதத்தை, அதாவது அதன் கலப்பு முறையைக் கலர் டாட்ஜ் என்று மாற்றுங்கள். கிம்ப்பில் இதன் பெயர் டாட்ஜ் மட்டுமே. உடனே படம் முழுவதும் வெள்ளையாகிவிடும். பயப்பட வேண்டாம். இப்போது மேல் லேயருக்குக் காஸியன் பிளர் என்ற மங்கலாக்கும் ஃபில்டரைக் கொடுக்கத் தொடங்கினால், வெள்ளைத் தாளிலிருந்து கோடுகள் மெல்ல எழுந்து வருவதைக் காண்பீர்கள்.

இது ஏன் நிகழ்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பிழைகளைத் திருத்துவது எளிது. ஒரு பிக்சலின் ஒளி அளவு 0 (கறுப்பு) முதல் 255 (வெள்ளை) வரை இருக்கும். டாட்ஜ் என்பது ஒரு வகுத்தல் கணக்கு. எல்லாக் கழித்தல்களையும் சுருக்கிப் பார்த்தால், ஒவ்வொரு பிக்சலின் ஒளி அளவும் அதன் சுற்றுப்புறச் சராசரியால் வகுக்கப்பட்டு, 255ஆல் பெருக்கப்படுகிறது. கன்னத்தின் நடுவில் ஒரு பிக்சலின் அளவு 180, சுற்றுப்புறச் சராசரியும் 180 என்றால், வகுத்த விடை 1. ஆகவே அங்கே 255, அதாவது முழு வெள்ளை. இமை மயிர் ஓரத்தில் பிக்சலின் அளவு 60, சுற்றுப்புறச் சராசரி 150 என்றால், வகுத்து 255ஆல் பெருக்கிய விடை 102; அது அழுத்தமான சாம்பல் நிறக் கோடு. தன் அக்கம்பக்கத்தைவிட இருண்டிருக்கும் இடம் மட்டுமே கோடாகிறது. பிளரின் ஆரம் கூடக்கூட அக்கம்பக்கம் விரிகிறது; கோடு தடித்து, பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்த நிழல் போல மென்மையாகிறது. ஏ4 அளவுள்ள முகப்படத்தில் நான் பெரும்பாலும் 10 பிக்சலில் தொடங்கி 40 வரை நகர்த்திப் பார்ப்பேன்.

இந்தக் கணக்கிலேயே அதன் இரண்டு குறைகளும் இருக்கின்றன. கறுத்த முடியின் நடுவே ஒரு பிக்சலின் அளவு 30, சுற்றுப்புறமும் 30. வகுத்தால் அதுவும் 1. ஆகவே கறுத்த முடியும் வெள்ளையாகிவிடுகிறது; ஓரக்கோடு மட்டும் மிஞ்சுகிறது. கண்ணின் கருவிழி, கழுத்தடி நிழல், அடர்நிற ஆடை எல்லாவற்றுக்கும் இதே கதிதான். நீங்கள் வெளிறிப்போன ஜெராக்ஸ் என்று சொன்னது இதைத்தான்: கோடுகள் இருக்கின்றன, எடை இல்லை. இரண்டாவது குறை புள்ளிகள். வெளிச்சமான பகுதியில் 200க்கு நடுவே ஒரு பிக்சல் 196 ஆக இருந்தால் விடை ஏறக்குறைய 250, கண்ணுக்குத் தெரியாது. இருண்ட பகுதியில் 16க்கு நடுவே ஒரு பிக்சல் 12 ஆக இருந்தால் விடை 191. தெளிவான சாம்பல் புள்ளி. வித்தியாசம் இரண்டு இடத்திலும் அதே நான்குதான். குறைந்த வெளிச்சத்தில் எடுத்த படத்தின் நிழல் பகுதிகளில் எறும்பு மொய்த்தது போலப் புள்ளிகள் தோன்றுவதற்குக் காரணம் இதுவே.

புள்ளிகளுக்கான மருந்து, ஃபில்டருக்கு முன்பே இரைச்சலை (கேமரா தரும் தாறுமாறான நுண்புள்ளிகளை) குறைப்பதும், இருண்ட பகுதிகளைக் கர்வ்ஸ் கருவியால் சற்று மேலே தூக்கிவிடுவதும் ஆகும். எடையை மீட்பதற்கு வேறொரு வழி வேண்டும். தொடக்கத்தில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்தின் இன்னொரு பிரதியை எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள். அதை நன்றாக மங்கலாக்கி, போஸ்டரைஸ் கட்டளையால் நான்கைந்து நிழல் படிகளாகக் குறையுங்கள். கலப்பு முறையை, அடியில் உள்ளதை இருட்டாக்கும் மல்டிப்ளை என்று மாற்றி, ஓப்பாசிட்டியை (லேயர் தெரியும் அடர்த்தியை) 25 முதல் 40 சதவீதத்துக்குள் வையுங்கள். முடி திரும்பவும் முடியாகும். கழுத்தின் கீழே நிழல் விழும். முகம் தாளிலிருந்து எழும். பிறகு இந்த லேயருக்கு ஒரு மாஸ்க் சேர்த்து, பின்னணியிலும் தோளின் கீழ்ப்பகுதியிலும் இதை அழித்துவிடுங்கள். ஓவியர் நிழல் கொடுக்க விரும்பியிருக்கக்கூடிய இடங்களில் மட்டும் அது இருக்கட்டும்.

கோடு கண்டுபிடிக்கும் கணக்குகள் வேறு பலவும் உண்டு. சோபெல் முறை 1968இலும், கேன்னி முறை 1986இலும் வந்தவை. இயந்திரங்கள் பொருள்களை அடையாளம் காண்பதற்காக எழுந்த துறையைச் சேர்ந்தவை என்பதால், அவை தரும் கோடு கம்பி போல ஒரே தடிமனில் இருக்கும். ஓவியத்துக்கு நான் அவற்றைப் பரிந்துரைக்க மாட்டேன். ஒரே படத்தைச் சற்றே மங்கலாகவும் இன்னும் கொஞ்சம் மங்கலாகவும் இரண்டு பிரதிகளாக்கி, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கும் காஸியன் வேறுபாட்டு முறை இதைவிட இனிமையானது. அதன் கோடு இடத்துக்கு இடம் தடித்தும் மெலிந்தும் வரும். அதை விரிவாக்கிய எக்ஸ்டாக் என்ற வடிவம் இருண்ட பரப்புகளைக் கறுப்பாகவே நிரப்பித் தருவதால், மையால் வரைந்த ஓவியம் போன்ற தோற்றத்துக்கு அது மிகப் பொருத்தம். கிம்ப்பில் சேர்த்துக்கொள்ளக்கூடிய ஜிமிக் என்ற இலவச இணைப்பில் இத்தகைய ஃபில்டர்கள் ஏராளமாக இருக்கின்றன. பிரான்ஸின் கான் (Caen) நகரில் உள்ள கிரேக் ஆய்வகத்தில் 2008 முதல் வளர்ந்துவரும் மென்பொருள் அது.

போட்டோஷாப்பின் ஃபில்டர் கேலரியைத் திறப்பவர்களுக்கு ஒரு சிறு குறிப்பு. அங்கே ஸ்கெட்ச் என்ற தொகுப்பில் உள்ள பெரும்பாலான ஃபில்டர்கள், அப்போது கருவிப்பெட்டியில் தேர்ந்திருக்கும் முன்நிறத்தையும் பின்நிறத்தையும் எடுத்துக்கொண்டே வரைகின்றன. அது தெரியாமல் சொடுக்கினால் பச்சையும் சிவப்புமாக எதையோ காட்டும். முன்நிறத்தைக் கருஞ்சாம்பலாகவும் பின்நிறத்தைச் சற்றே மஞ்சள் கலந்த வெள்ளையாகவும் வைத்துவிட்டுச் சார்கோல் ஃபில்டரைப் போட்டுப் பாருங்கள்; அதே ஃபில்டர் வேறொன்றாகத் தெரியும். கேலரி மங்கித் தெரிந்து திறக்க மறுத்தால், படம் 16 பிட் நிலையிலோ, அச்சுக்கான நிறமுறையான சிஎம்ஒய்கே நிலையிலோ இருக்கிறது என்று பொருள். அதை 8 பிட் ஆர்ஜிபி (திரைக்கான நிறமுறை) ஆக்கினால் திறந்துகொள்ளும்.

எண்ணெய் வண்ணத்துக்கு வருகிறேன். இந்தத் தோற்றத்தைத் தரும் ஃபில்டர்களில் என் மனத்துக்கு நெருக்கமானது குவஹாரா. 1976இல் ஜப்பானிய ஆய்வாளர் குவஹாராவும் அவர் குழுவினரும் இதயத்தின் மருத்துவப் படங்களில் இருந்த இரைச்சலை நீக்குவதற்காக உருவாக்கிய கணக்கு அது. ஒவ்வொரு பிக்சலையும் சுற்றி நான்கு சிறு சதுரங்களை எடுத்துக்கொண்டு, அவற்றுள் எதில் ஏற்ற இறக்கம் மிகக் குறைவோ அந்தச் சதுரத்தின் சராசரி நிறத்தை அந்தப் பிக்சலுக்குத் தருகிறது. உதட்டின் ஓரத்தில் நிற்கும் பிக்சலை நினைத்துக்கொள்ளுங்கள். சாதாரண பிளர் உதட்டையும் தோலையும் கலந்து கலங்கலான நிறம் ஒன்றைத் தரும். குவஹாராவோ உதட்டுப் பக்கமாகவோ தோல் பக்கமாகவோ சாய்ந்து, கலக்காத ஒரே நிறத்தைத் தருகிறது. அதனால் உட்பரப்பு ஒரே பூச்சாகவும் ஓரம் கூர்மையாகவும் அமைகிறது. தட்டையான தூரிகையால் ஒரே இழுப்பில் வைத்த வண்ணம் போல இருக்கிறது. கிம்ப்பில் உள்ள ஆயிலிஃபை ஃபில்டர் வேறு வழியில் போகிறது: அக்கம்பக்கத்தில் எந்த ஒளி அளவு அதிகமாக வருகிறதோ அதையே தேர்ந்தெடுக்கிறது. அதன் விளைவு சற்று மொத்தையாக இருக்கும். பின்னணிக்குப் போதும், முகத்துக்குப் போதாது.

போட்டோஷாப்பின் ஆயில் பெயின்ட் ஃபில்டர் 2012இல் வந்த சிஎஸ்6 பதிப்பில் சேர்ந்தது. அது படத்தின் ஓரங்கள் எந்தத் திசையில் ஓடுகின்றனவோ அதே திசையில் தூரிகைத் தடங்களை இழுக்கிறது. முடியிலும் ஆடை மடிப்பிலும் இது மிக அழகாக அமையும், ஏனென்றால் அங்கே திசை உண்டு. நெற்றியும் கன்னமும் போன்ற வழவழப்பான பரப்பில் திசை என்று எதுவும் இல்லை. அங்கே இருப்பது கேமராவின் இரைச்சல் மட்டுமே. ஃபில்டர் அந்த இரைச்சலையே திசையாக எடுத்துக்கொண்டு, தோல் முழுவதும் புழு நெளிவது போன்ற சுழிகளைப் போட்டுவிடுகிறது. நீங்கள் கண்ட குழைவு பெரும்பாலும் இதுதான். ஆகவே, ஓரங்களைக் கெடுக்காமல் உட்பரப்பை மட்டும் மென்மையாக்கும் சர்ஃபேஸ் பிளர் போன்ற ஒன்றை முகத்துக்கு முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். ஒளிர்வு என்று இருக்கும் ஷைன் அளவை மிகக் குறைவாக வையுங்கள். அது கூடினால் வண்ணத்துக்குப் பதில் பிளாஸ்டிக் உறை போர்த்தியது போல ஆகிவிடும்.

இனிச் சொல்லப்போவது இந்தப் பதிலிலேயே முக்கியமான பகுதி. கணினி வரைகலை ஆய்வில் 1990இல் பால் ஹேபெர்லி, புகைப்படத்தின் நிறங்களை எடுத்துத் தூரிகைத் தீற்றல்களாக வைக்கும் முறையை முன்வைத்தார். 1998இல் ஆரன் ஹெர்ட்ஸ்மன் அதை இன்னும் முன்னே கொண்டுபோனார். முதலில் பெரிய தூரிகையால் முழுப் படத்தையும் நிரப்புவது. பிறகு எங்கே மூலப்படத்திலிருந்து அதிகம் விலகியிருக்கிறதோ அங்கே மட்டும் அடுத்த சிறிய தூரிகையால் வரைவது. அதற்கு மேல் இன்னும் சிறியது. ஓவியர்கள் கித்தானில் வேலை செய்யும் வரிசையும் இதுவே. எந்தச் சிறப்பு மென்பொருளும் இல்லாமல் இதை நீங்களே செய்யலாம். படத்தை மூன்று பிரதிகளாக எடுத்து, ஒரே எண்ணெய் வண்ண ஃபில்டரை மூன்று அளவுகளில் போடுங்கள். மிகப் பெரிய தூரிகை உள்ளது அடியில், நடுத்தரமானது அதன் மேல், நுண்ணியது உச்சியில். மேலிரண்டு லேயர்களுக்கும் கறுப்பு மாஸ்க் சேர்த்து முழுவதும் மறைத்துவிடுங்கள். இப்போது உங்கள் முன் இருப்பது பெரும் தூரிகையால் மட்டும் தீட்டிய முரட்டுப் படம். வெள்ளை நிறத் தூரிகையை எடுத்து, நடு லேயரின் மாஸ்க்கில் முகத்தையும் கைகளையும் வெளிக்கொணருங்கள். உச்சி லேயரின் மாஸ்க்கில் கண்கள், நாசி நுனி, உதடுகள் சேரும் கோடு ஆகியவற்றை மட்டும் வெளிக்கொணருங்கள். அத்தோடு நிறுத்திவிட வேண்டும். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று நுண்மையை வெளியே கொண்டுவந்துகொண்டே போனால் திரும்பவும் புகைப்படத்திலேயே போய் நிற்போம்.

இந்த அளவுக்கு விட்டுவிடலாமா என்ற தயக்கம் வரும். லண்டனின் கென்வுட் மாளிகையில் இருக்கும் ரெம்பிராண்டின் முதுமைக்காலச் சுயஉருவப்படம் ஒன்றை இணையத்தில் தேடிப் பாருங்கள். பின்சுவரில் இரண்டு வட்டங்கள் இருக்கும். முகத்தில் எவ்வளவு உழைப்பு இருக்கிறதோ, வண்ணத் தட்டைப் பிடித்திருக்கும் கையில் அவ்வளவு அலட்சியம் போலத் தெரியும் வேகம் இருக்கிறது. கை என்று புரிந்துகொள்ளச் சில தீற்றல்கள், அவ்வளவே. பார்ப்பவரின் கண் அந்தக் கையில் தங்காமல் முகத்துக்கே திரும்பி வருகிறது.

கண்ணைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஃபில்டர்கள் முதலில் கொல்வது அதைத்தான். கருவிழியில் விழுந்திருக்கும் சின்னஞ்சிறு ஒளிப்புள்ளி சில பிக்சல் அளவே இருக்கும்; சராசரி எடுக்கும் எந்தக் கணக்கிலும் அது கரைந்துபோய், கண் உயிரற்ற குழியாகிவிடும். எல்லாம் முடிந்த பிறகு, மேலே காலியான லேயர் ஒன்றைத் திறந்து, மூலப்படத்தில் அந்தப் புள்ளி எங்கே இருந்ததோ அதே இடத்தில், கடினமான ஓரமுள்ள சிறு தூரிகையால் ஒரே ஒரு முறை தொட்டு வையுங்கள். தூய வெள்ளை வேண்டாம். ஜன்னல் வெளிச்சத்தின் நிறம் சற்றே கலந்திருக்கட்டும். மேல் இமையின் கோட்டையும் மூக்கருகே தொடங்கும் இடத்தில் அழுத்தி, வெளியோரம் போகப்போக மெலியும்படி ஒரு இழுப்பு இழுங்கள். இந்த இரண்டு தொடுகைகளுக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. படத்தில் பாட்டி நம்மைப் பார்க்கத் தொடங்குவது அந்த ஐந்து நிமிடத்தில்தான்.

நீர்வண்ணத்தை நீங்கள் கேட்கவில்லை என்றாலும் ஒரு வார்த்தை. அதில் வெள்ளை என்பது தாளின் வெள்ளையே. வண்ணம் ஒளி ஊடுருவும்படி மெல்லியதாக இருக்கும். காயும்போது நிறமி ஓரத்தில் ஒதுங்குவதால் ஒவ்வொரு பூச்சின் விளிம்பும் சற்று அடர்ந்திருக்கும். போட்டோஷாப் கேலரியில் வாட்டர்கலர் என்று இருப்பது நிழல்களைக் கறுப்பாக்கிவிடுகிறது, அது நீர்வண்ணத்தின் இயல்புக்கே எதிரானது. படத்தை முன்கூட்டியே நன்றாக வெளிறச் செய்துவிட்டு அதைப் போட்டால் ஓரளவு சரியாகும். நாற்புறமும் விளிம்பு வரை வண்ணம் நிரம்பியிருக்காமல், சில இடங்களில் தாள் வெறுமையாகத் தெரியும்படி மாஸ்க்கில் ஒழுங்கற்று அழித்துவிடுவது இன்னும் நல்ல பலனைத் தரும்.

செயற்கை நுண்ணறிவைப் பற்றியும் சொல்லாமல் முடிக்க இயலாது. 2015இல் ஜெர்மனியின் டூபிங்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேட்டிஸ், எக்கர், பெத்கே ஆகிய மூவர், பொருள்களை அடையாளம் காணப் பயிற்றுவிக்கப்பட்ட நரம்பியல் வலைப்பின்னல் ஒன்றைக் கொண்டு, ஒரு படத்தின் உள்ளடக்கத்தையும் இன்னொரு ஓவியத்தின் பாணியையும் இணைக்கலாம் என்று காட்டினார்கள். மறு ஆண்டே அது பிரிஸ்மா போன்ற கைபேசிச் செயலிகளில் வந்துவிட்டது. இயற்கைக் காட்சிகளுக்கும் கட்டடங்களுக்கும் இந்த முறை அற்புதமாகப் பொருந்தும். முகத்தில், வானத்துக்கென்று இருந்த சுழி கன்னத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். இப்போது வரும் படம் உருவாக்கும் கருவிகள் இன்னொரு படி மேலே போய், முகத்தையே புதிதாக வரைந்து தருகின்றன. அந்த முகம் அழகாக இருக்கும், பாட்டியாக இருக்காது. மேலுதட்டு மச்சம் மறையும். ஒரு பக்கம் சற்று இறங்கிய புருவம் சமமாகும். பல் வரிசை திருந்திவிடும். அவரை அறியாதவருக்கு இவை எதுவும் தெரியப்போவதில்லை. மறைந்த ஒருவரின் படத்தில் நாம் தேடுவதோ இவற்றைத்தான். ஆகவே, நேசித்தவர்களின் முகத்துக்கு இந்தக் கருவிகளை நான் பயன்படுத்துவதில்லை. பின்னணியை எளிமையாக்குவதோடு நிறுத்திக்கொள்கிறேன். உங்களுக்கும் அதையே சொல்வேன்.

கடைசியாகத் தாளின் மேற்பரப்பு. சொரசொரப்பான தாளின் படத்தை மேலே வைத்து மல்டிப்ளை செய்வது வழக்கம். ஆனால் உண்மையான பென்சில் தாளின் மேடுகளில் மட்டும் பதிந்து, பள்ளங்களை வெள்ளையாக விட்டுவிடும். ஆகவே சொரசொரப்பு கோடும் நிழலும் உள்ள இடத்தில் தெளிவாகவும், வெறும் தாளில் மிக மங்கலாகவும் தெரிய வேண்டும். தாள் லேயரை ஸ்க்ரீன் முறையில் வைத்து, அதன் வெளிச்சத்தைப் பெரிதும் குறைத்தால் இந்தத் தோற்றம் கிடைக்கும்: வெள்ளைப் பகுதி மாறாது, கறுத்த பகுதியில் மட்டும் வெண்துகள்கள் தெளித்தது போல ஆகும். கோடுகளின் கருமையும் முழுக் கறுப்பாக இருக்கக் கூடாது. கிராஃபைட் எவ்வளவு அழுத்தினாலும் அடர்சாம்பல்தான். லெவல்ஸ் கருவியில் கறுப்பின் வெளியீட்டு அளவை 35, 40 வரை உயர்த்திவிடுங்கள்.

இந்தப் படம் குடும்பத்தார் யாரேனும் எடுத்ததாக இருந்தால் உரிமைச் சிக்கல் எழாது. வேறொருவர் எடுத்த புகைப்படத்தை ஓவியமாக்கி விற்க நினைத்தால் மட்டும் கவனம் தேவை. ஃபில்டர் போட்டதால் மூலப்படத்தின் உரிமை மறைந்துவிடாது. லின் கோல்ட்ஸ்மித் எடுத்த புகைப்படத்தை அடிப்படையாகக் கொண்டு ஆண்டி வார்ஹால் உருவாக்கிய படத்தைப் பத்திரிகை ஒன்றுக்கு உரிமம் அளித்த வழக்கில், 2023இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் புகைப்படக் கலைஞரின் பக்கமே நின்றது. அதுபோலவே, ஃபில்டரால் ஆன படத்தைக் கையால் வரைந்தது என்று சொல்லி யாருக்கும் கொடுக்கக் கூடாது. உண்மையில் பென்சில் பிடித்துப் பல நாள் உழைப்பவருக்கு அது செய்யும் அநீதி.

அச்சிடுவதற்குப் பளபளப்பில்லாத மேட் தாளையே தேர்ந்தெடுங்கள்; பளபளப்புத் தாள் எந்த ஓவியத்தையும் மீண்டும் புகைப்படமாக்கிவிடும். படத்தை டிஃப் அல்லது பிஎன்ஜி வடிவில் சேமித்து, மென்பொருள் தானாகக் கூட்டும் ஷார்ப்பனிங்கை நீக்கிவிடுங்கள். முழுப் படத்தையும் அச்சிடுவதற்கு முன், கண்களும் நெற்றியோர முடியும் உள்ள பகுதியை மட்டும் உண்மையான அளவில் ஒரு துண்டாக அச்சிட்டு, சட்டம் மாட்டவிருக்கும் சுவரில் ஒட்டி, வழக்கமாக நீங்கள் நிற்கும் தூரத்திலிருந்து பாருங்கள். திரையில் 100 சதவீதத்தில் முரடாகத் தெரிந்த தீற்றல்கள் அங்கே ஒன்றுகூடியிருக்கும். திரையில் அழகாகத் தெரிந்த மெல்லிய கோடுகள் காணாமல் போயிருக்கும். அதற்கேற்ப மாஸ்க்குகளைத் திருத்துங்கள். பாட்டியை நன்கு அறிந்த ஒருவரை அழைத்து, எதுவும் சொல்லாமல் அந்தத் துண்டைக் காட்டுங்கள். யார் என்று அவர் யோசிக்காமல் சொல்லிவிட்டால், முழுப் படத்தையும் அச்சுக்கு அனுப்பலாம்.